ஓர் எண்ணுக்கு இருவர்



முகவரி என்பது உலக வாழ்வுக்கு இன்றியமையாத ஒன்று. ஒருவர் எத்துணைப் பெரியவராயினும், அவர் இருக்கும் இடம் இன்னதென்று அறியாவிடில் அவருக்கு எழுதிய மடல் அவர் கையைச் சென்று சேராது. முகவரி இருந்தால் மட்டும் போதாது. அஃது அவர் ஒருவருக்கே உரியதாகவும் இருத்தல் வேண்டும். நம் தமிழ்நாட்டில் புதூர் என்னும் பெயருடைய ஊர்கள் எத்தனை! நல்லூர்கள் எத்தனை! நாடு முழுவதிலும் இவ்வாறு ஒரே பெயரைத் தாங்கிய ஊர்கள் பல இருந்தமையால் மடல்கள் வழி தவறித் திரிந்தன. இக்குறையை நீக்கும் பொருட்டு, மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர்பதவி வகித்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பார் வகுத்த ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண், 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மரக்காணத்துக்கு உரிய எண் 604303. இந்தியாவில் வேறெந்த அஞ்சல் பகுதிக்கும் அவ்வெண் இல்லை. ஊர்ப்பெயர் ஒன்றாக இருப்பினும் எண் வேறாக இருப்பதால் மடல் வழி தவறுவதில்லை.

மனிதர்க்கு வாய்த்த இந்த இடர்ப்பாடு கணினிகளுக்கும் உண்டு. ஓர் அறையில் இணைக்கப்பட்டிருக்கும் கணினிகளுள் இரண்டுக்கு ஒரே முகவரி அமைந்துவிட்டால் என்ன நேரும்? அதனை எவ்வாறு கண்டுபிடிப்பது? மீண்டும் நேராதபடி எவ்வாறு காப்பது? இவற்றையே இன்று காண இருக்கின்றோம்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அனுமந்தை, கூனிமேடு முதலிய ஊர்களைக் கடந்து சென்றால், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியில் மரக்காணத்து உப்பளங்கள் வெண்ணிறமாய் விரிந்து கிடப்பதைக் காணலாம். இக்கரையில் வாழும் மக்களுக்குக் கணினி வலையமைப்பு வெறும் பொழுதுபோக்கு அன்று. இதே கடற்கரையில், புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் என்னும் மீனவர் சிற்றூரில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின் கீழ் ஒரு நிலையம் அமைந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலையின் உயரத்தை அறிந்து, ஒலிபெருக்கி வழியே அதனை அறிவித்தார்கள். கடலுக்குச் செல்லலாமா வேண்டாமா என்பதை மீனவர் அதைக் கேட்டு முடிவு செய்தனர். இன்று ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அத்தகைய செய்திகளை நாடு முழுமைக்கும் வழங்குகின்றது. கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிப்பதும் உதவித்தொகை வேண்டுவதும் இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. வீட்டில் கணினி இல்லாத உப்பளத் தொழிலாளியின் மகள், பள்ளியின் கணினி அறையையே நம்பி வருகின்றாள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் அவள் முன்னுள்ள கணினி இணைப்பை அறுத்துக்கொண்டே இருந்தால், அதனால் வரும் இழப்பு அவளுடைய ஓராண்டுக் கல்வி ஆகலாம்.

இப்பொழுது பொருளுக்குள் நுழைவோம். வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் ஒன்று உண்டு. இன்று பெரிதும் வழங்கும் முறைக்கான விதிகள் 1981-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிடப்பட்டவை. இம்முறையில் முகவரி நான்கு பகுதிகளை உடையது. ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். எடுத்துக்காட்டாக 192.168.1.20 என்பது ஒரு முகவரி. இவ்வாறு அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. உலகிலுள்ள கருவிகள் எல்லாவற்றுக்கும் இவை போதா. எனவே சில எண் தொகுதிகளை உள் வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். 192.168 என்று தொடங்கும் தொகுதி அவற்றுள் ஒன்று. மரக்காணத்துப் பள்ளி ஒன்றிலும் இராமேசுவரத்துப் பள்ளி ஒன்றிலும் 192.168.1.20 என்னும் முகவரியுடைய கணினிகள் இருக்கலாம். அதனால் தீங்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தெருவிலும் இருபதாம் எண் வீடு இருப்பது போன்றது அது. ஒரே தெருவில் இருபதாம் எண் வீடுகள் இரண்டு இருந்தால்தான் அஞ்சல்காரர் திகைப்பார்.

ஐ.பி. முகவரி கருவியோடு கூடப் பிறந்தது அன்று. பின்னர் நாம் சூட்டுவது. பள்ளியில் மாணவனுக்கு அளிக்கும் வரிசை எண் போன்றது அது. அவ்வெண் ஆண்டுதோறும் மாறும். மாறாதது ஒன்று உண்டு. பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு கட்டம் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வலக்கையில் ஒரு மச்சம் என்று அதில் எழுதியிருப்பார்கள். கணினியின் வலையமைப்புப் பகுதிக்கும் அத்தகைய அங்க அடையாளம் உண்டு. மேக் முகவரி என்பது அதன் பெயர். பன்னிரண்டு குறிகள் கொண்ட அதனைக் கருவியைச் செய்த தொழிற்சாலையே பொறித்து அனுப்புகின்றது. முதல் ஆறு குறிகள் செய்த நிறுவனத்தைக் காட்டும். பின் ஆறும் அந்நிறுவனம் செய்த கருவிகளுள் இன்னது என்பதைக் காட்டும். வரிசை எண், அங்க அடையாளம் ஆகிய இவ்விரண்டையும் நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். இரட்டை முகவரியைக் கண்டுபிடிக்கும் கலை முழுவதும் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அடங்கியிருக்கின்றது.

ஒரு கணினி மற்றொன்றுக்குச் செய்தி அனுப்ப விரும்பும்பொழுது அதற்குத் தெரிந்தது ஐ.பி. முகவரி மட்டுமே. ஆனால் அறைக்குள் ஓடும் கம்பியில் செய்தி சென்று சேர்வதோ மேக் முகவரியைக் கொண்டு. ஆதலின் அது முதலில் அறை முழுதும் கேட்குமாறு, “192.168.1.20 என்னும் எண்ணுக்கு உரியவர் யார்?” என்று கூவுகின்றது. உரிய கணினி, “உள்ளேன் ஐயா, என் அங்க அடையாளம் இது” என்று மறுமொழி தருகின்றது. கேட்ட கணினி அதனைத் தன் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றது. இந்தக் கேள்வி விடை முறைக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். டேவிட் பிளம்மர் என்பார் 1982-ஆம் ஆண்டு நவம்பரில் இதனை வகுத்து எழுதினார். இம்முறை முழுவதும் நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. விடை சொன்னவர் உண்மையில் உரியவர்தாமா என்று கேட்கும் வழக்கம் அதில் இல்லை.

இருவர் எழுந்து “உள்ளேன் ஐயா” என்றால் என் செய்வது? உப்பளத்தில் உவர்நீர் வாய்க்கால் வழியே பாத்திகளுக்குப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். மடை எந்தப் பக்கம் திறந்திருக்கின்றதோ அந்தப் பாத்திக்கே நீர் செல்லும். ஏ.ஆர்.பி. குறிப்பேடும் அத்தகையதே. பெரும்பாலும் கடைசியாக மறுமொழி தந்தவரின் அடையாளமே அதில் நிற்கும். செய்திகள் அவர் பக்கமே பாயும். சற்று நேரம் கழித்து மற்றவரின் மறுமொழி வந்தால் மடை திரும்பிவிடும். முன்னவர் வறண்டு நிற்பார்.

கடலோரப் பள்ளி ஒன்றின் கணினி அறையை மனத்தில் எண்ணிக்கொள்வோம். இருபதாம் கணினியின் முகவரி 192.168.1.20. அலுவலக அறையில் புதிதாக வைத்த அச்சுப்பொறிக்கும் யாரோ அதே எண்ணைக் கொடுத்துவிட்டார். மாணவி விண்ணப்பத்தை நிரப்பி அனுப்புகின்றாள். இணையத்திலிருந்து வந்த மறுமொழி ரூட்டரை அடைகின்றது. அதன் குறிப்பேட்டில் அந்நேரம் அச்சுப்பொறியின் அடையாளம் இருப்பதால், மறுமொழி அச்சுப்பொறிக்குச் செல்கின்றது. தான் தொடங்காத உரையாடலுக்கு மறுமொழி வருவதைக் கண்ட அச்சுப்பொறி, “இவ்வுரையாடல் என்னுடையது அன்று, முடித்துவிடுக” என்று திருப்பி அனுப்புகின்றது. அத்துடன் மாணவியின் இணைப்பு அறுகின்றது. அச்சுப்பொறி உறங்கிவிட்டால் கணினி நன்றாக வேலை செய்யும். அது விழித்துக்கொண்டால் மீண்டும் தொல்லை. இரட்டை எண் ரூட்டருக்கே அமைந்துவிட்டாலோ, ஒரு கணினி மட்டும் அன்றி அறை முழுவதும் தடுமாறும்.

கடற்கரையில் இத்தொல்லை நேரும்பொழுது பலரும் முதலில் பழிப்பது உப்புக் காற்றை. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. உப்பும் ஈரமும் கலந்த காற்று செம்பையும் இரும்பையும் அரிக்கும். கம்பியின் முனைகளில் பச்சை படரும். எனவே முனைகளைத் துடைக்கின்றார்கள், கம்பியை மாற்றுகின்றார்கள், இறுதியில் கணினியையே பழுது பார்க்க அனுப்புகின்றார்கள். பொருளும் காலமும் செலவாகும், தொல்லை தீராது. இவ்விரு நோய்களையும் வேறுபடுத்தி அறியும் குறிகள் உண்டு. அரிப்பினால் வரும் கோளாறு பெரும்பாலும் ஒரே கணினியைப் பற்றி நிற்கும். கம்பியை அசைத்தால் கூடும் அல்லது குறையும். கம்பி செருகிய இடத்தில் உள்ள சிறு விளக்கு அணைந்து அணைந்து எரியும். இரட்டை முகவரியாயின், விளக்கு ஒழுங்காகவே எரியும். ஆயினும் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். வேறோர் அறையில் ஏதோ ஒரு கருவியை நிறுத்தினால் இங்கே நோய் தீரும். புதிய கருவி ஒன்று வந்த பின்னரோ, மின்சாரம் தடைப்பட்டு மீண்ட பின்னரோ தொல்லை தொடங்கியிருக்கும்.

இரட்டை முகவரி தோன்றும் வழிகள் சிலவே. பெரும்பாலான கணினிகளுக்கு ரூட்டரில் உள்ள டி.எச்.சி.பி. என்னும் ஏற்பாடு முகவரிகளைத் தானே பகிர்ந்தளிக்கின்றது; குறிப்பிட்ட காலத்துக்கு எண்ணைக் குத்தகைக்கு விடுவது போன்றது அது. அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா, விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி ஆகியவற்றுக்கோ மனிதர் தம் கையால் எண்ணை எழுதி வைப்பர். குத்தகைக்கு விடும் எண்களுக்கு இடையே கையால் எழுதிய எண்ணும் அமைந்துவிடுவது முதல் வழி. இருவர் வெவ்வேறு நாள்களில் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண்ணைக் கையால் எழுதுவது இரண்டாவது. மின்சாரம் போய் வந்ததும் ரூட்டர் தன் குத்தகைக் கணக்கை மறந்து, முன்பே கொடுத்த எண்ணை வேறொருவருக்குக் கொடுப்பது மூன்றாவது. வேகம் வேண்டி ஒருவர் தம் வீட்டு ரூட்டரைக் கொணர்ந்து இணைக்க, எண் வழங்குவோர் இருவர் ஆகிவிடுவது நான்காவது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் போன்ற புயல்களுக்குப் பின்னர், நனைந்த கருவிகளை மாற்றி, கிடைத்தவற்றைக் கொண்டு அவசரமாக இணைக்க நேரும். அத்தகைய வேளைகளில் இந்நான்கு வழிகளுமே திறந்து கிடக்கும் எனலாம்.

கணினி தானே இதனைத் தடுத்துக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 2008-ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்டூவர்ட் செஷயர் என்பார் இதற்கென்று விதிமுறை ஒன்றை எழுதி வெளியிட்டார். ஒரு முகவரியை ஏற்குமுன், “இவ்வெண்ணுக்கு ஏற்கெனவே உரியவர் எவரேனும் உளரா?” என்று மும்முறை கேட்டு, மறுமொழி இல்லையெனில் “இனி இவ்வெண் என்னுடையது” என்று இருமுறை அறிவித்தல் வேண்டும் என்பது அவ்விதி. மறுமொழி வந்துவிட்டால் சில கணினிகள் அவ்வெண்ணை விட்டுவிட்டு, 169.254 என்று தொடங்கும் எண் ஒன்றைத் தாமே சூட்டிக்கொள்ளும். அவ்வெண்ணைத் திரையில் கண்டால், முறையான முகவரி கிடைக்கவில்லை என்றோ மறுக்கப்பட்டது என்றோ அறியலாம். ஆயினும், கேட்ட வேளையில் மற்றக் கருவி நிறுத்தப்பட்டிருந்தால் மறுமொழி எங்கிருந்து வரும்? மேலும், எளிய கருவிகள் சில அவ்வாறு கேட்பதே இல்லை. ஆகவே காவல் இருந்தும் களவு நேர்கின்றது.

இனித் தேடும் முறையைக் காண்போம். முதலாவது, குறித்து வைத்தல். எந்தக் கணினியில், எந்த மணிக்கு, எத்துணை நேரம் இணைப்பு அறுந்தது என்பதை ஒரு தாளில் எழுதுக. முகவரி முரண்பட்டது என்று கணினியே திரையில் காட்டினால் அதனையும் எழுதுக. அலுவலகத்தில் அச்சிடும் வேளையிலேயே தொல்லை வருகின்றது என்பது போன்ற உண்மைகள் இத்தாளிலிருந்து தாமே புலப்படும்.

இரண்டாவது, மூன்றாம் கணினி ஒன்றிலிருந்து கேட்டுப் பார்த்தல். ஐயத்துக்குரிய எண்ணைப் பிங் என்னும் கட்டளையால் அழைக்க வேண்டும். பின்னர் ஏ.ஆர்.பி. என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, ஏ என்னும் எழுத்து ஆகியவற்றைத் தட்டினால், கணினியின் குறிப்பேடு திரையில் விரியும். அவ்வெண்ணுக்கு நேரே உள்ள அங்க அடையாளத்தை எழுதிக்கொள்க. பழைய குறிப்பை நீக்கிவிட்டுச் சற்று நேரம் இடைவிட்டு மீண்டும் கேட்க. ஒரே எண்ணுக்கு இரு வேறு அடையாளங்கள் மாறி மாறி வருமாயின் ஐயம் தீர்ந்தது, இருவர் உளர். பிங் கட்டளைக்கு மறுமொழி வரவில்லை என்று ஏமாந்துவிடலாகாது. பாதுகாப்பின் பொருட்டுச் சில கணினிகள் அதற்கு வாய் திறவா. ஆனால் ஏ.ஆர்.பி. கேள்விக்கு அவை மறுமொழி தந்தே ஆக வேண்டும்; ஆதலின் குறிப்பேட்டைப் பார்ப்பதே உறுதியான சான்று.

மூன்றாவது, ஒருவரை வெளியே அனுப்பிவிட்டுப் பெயர் அழைத்தல். வகுப்பில் இருபதாம் எண் மாணவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இருபதாம் எண்ணை அழைக்கும்பொழுது “உள்ளேன் ஐயா” என்று குரல் வந்தால், அக்குரல் வேறொருவனுடையது அன்றோ? அவ்வாறே, நமக்குத் தெரிந்த இருபதாம் கணினியின் கம்பியை எடுத்துவிட்டு, பழைய குறிப்பை நீக்கி, மூன்றாம் கணினியிலிருந்து அவ்வெண்ணை அழைக்க வேண்டும். அப்பொழுதும் மறுமொழி வருமானால், அதனோடு வரும் அங்க அடையாளம் மறைந்திருக்கும் கருவியினுடையது.

நான்காவது, அடையாளத்துக்கு உரிய உடலைக் காணுதல். மேக் முகவரியின் முதல் ஆறு குறிகளைக் கொண்டு செய்த நிறுவனத்தை அறியலாம். அச்சுப்பொறி செய்யும் நிறுவனத்தின் பெயர் வந்தால் தேடல் ஏறக்குறைய முடிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அண்மைக் காலக் கைப்பேசிகள் தம்மைப் பிறர் பின்தொடராதிருக்கப் புனைவான மேக் முகவரியைச் சூடிக்கொள்கின்றன. பன்னிரண்டு குறிகளுள் இரண்டாவது குறி 2, 6 என்னும் எண்களாகவோ, ஆங்கில ஏ, இ எழுத்துகளாகவோ இருந்தால் அது தொழிற்சாலை பொறித்த அடையாளம் அன்று என்று ஐயுறலாம். கம்பிகள் வந்து கூடும் ஸ்விட்ச் உயர்ந்த வகையாயின், எந்த அடையாளம் எந்தத் துளையில் இருக்கின்றது என்னும் பட்டியல் அதிலேயே கிடைக்கும். எளிய வகையாயின், அறையில் எவரும் பணியாற்றாத வேளையில், பொறுப்பாசிரியரின் ஒப்புதல் பெற்று, அழைப்பை இடைவிடாது அனுப்பிக்கொண்டே கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பியை எடுத்ததும் மறுமொழி நிற்கின்றதோ, அதன் மறுமுனையில் கருவி இருக்கின்றது. அம்முனை மற்றொரு ஸ்விட்சில் முடிந்தால், அங்கும் இதே முறையைத் தொடங்க வேண்டும்.

கண்டுபிடித்த பின் எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அத்துடன் நிறுத்தினால் நோய் மீண்டும் வரும். நிலையான காப்பு, பதிவேடு ஒன்றே. கருவியின் பெயர், இருக்கும் இடம், ஐ.பி. முகவரி, மேக் முகவரி, எண் கொடுத்த நாள், கொடுத்தவர் ஆகிய ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எண்களையும் பிரித்து வைக்க வேண்டும். 1 ரூட்டருக்கு, 2 முதல் 49 வரை கையால் எழுதுவனவற்றுக்கு, 50 முதல் 200 வரை ரூட்டர் தானே வழங்குவதற்கு, இவ்வாறு வரம்பு வகுத்தால் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகாது. இன்னும் சிறந்த வழி, அச்சுப்பொறி போன்றவற்றின் மேக் முகவரியை ரூட்டரிலேயே பதிந்து, அதற்கு எப்பொழுதும் ஒரே எண்ணை வழங்குமாறு செய்வது. அப்பொழுது எண் வழங்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இருக்கும். பதிவேட்டில் எழுதாமல் எந்தக் கருவியையும் இணைப்பதில்லை என்பதை அறையின் விதியாக்க வேண்டும்.

பழைய முகவரி முறைக்குப் பின் வந்த ஐ.பி. ஆறாம் பதிப்பில் எண்ணின் நீளம் நான்கு மடங்கு. எண் பஞ்சம் அங்கே இல்லை. ஆயினும் ஒரு முகவரியை ஏற்குமுன் அது பிறருக்கு உரியதா என்று கேட்டறிய வேண்டும் என்பதை அம்முறை விதியாகவே கொண்டுள்ளது. எண்கள் எத்துணைப் பெருகினும், கேட்டறியும் ஒழுக்கம் வேண்டும் என்பதை அறிஞர்கள் உணர்ந்திருக்கின்றார்கள்.

மாணவர்களே, தமிழ்நாட்டில் 6,000-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு வல்லுநர் உடனே வந்து நிற்பது இயலாது. ஆனால் ஒரு தாளும் எழுதுகோலும் சற்றுப் பொறுமையும் கொண்டு, மேற்சொன்ன நான்கு படிகளையும் மேல்நிலை வகுப்பு மாணவர் எவரும் தம் ஆசிரியரின் துணையோடு செய்து பார்க்கலாம். கணினி தடுமாறினால் காற்றையும் கம்பியையும் பழிப்பதற்கு முன், “இவ்வெண்ணுக்கு உரியவர் ஒருவர்தாமா?” என்று கேளுங்கள். நாளையே உங்கள் கணினி அறைக்கு ஒரு பதிவேட்டைத் தொடங்குங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளில் அக்கணினியின் முன் வந்து அமரும் தோழிக்கு அஃது உதவும்.